முதல் அசெம்பிள்: சத்தமே இல்லாத கேமிங் பிசி, ஊட்டி பக்கம். இந்த லிஸ்ட் சரியா?

லவ்டேல்_லோக்கல்

வணக்கம். முதல் தடவையாக நானே ஒரு பிசி அசெம்பிள் செய்யலாம் என்று இருக்கிறேன். ஊர் லவ்டேல். மானிட்டர் (1080பி, 144 ஹெர்ட்ஸ்), கீபோர்டு, யுபிஎஸ் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, பெட்டிக்கு மட்டும் 1 லட்சம் வரை போகலாம். தினமும் வாலரண்ட், லீவு நாட்களில் கதை உள்ள பெரிய கேம்கள், நடுவில் கொஞ்சம் வீடியோ எடிட்டிங்.

எனக்கு முக்கியம் சத்தம்தான். பழைய காலத்து வீடு, மரப்பலகைத் தரை, என் அறைக்கும் பாட்டி அறைக்கும் நடுவில் இருப்பது சுவர் கூட இல்லை, பலகைத் தடுப்பு. பாட்டி 8 மணிக்குப் படுத்துவிடுவார், நான் கேம் ஆட உட்காருவதே அதற்கு அப்புறம்தான். இப்போதுள்ள லேப்டாப்பில் கேம் ஓடினால் அந்தப் பக்கம் இருந்து இருமல் வருகிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

கோவையில் சித்தப்பா பையனிடம் ஒரு பிசி இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ஓடுகிறதா என்றே தெரியவில்லை. அவன் சொன்னதை வைத்துப் போட்ட லிஸ்ட்:

ப்ராசஸர் ஐ7-14700கே, 360 மிமீ லிக்விட் கூலர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 850 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி), 6 ஆர்ஜிபி (கலர் விளக்கு) ஃபேன் வைத்த கண்ணாடி கேபினெட், 1 டிபி எஸ்எஸ்டி, 2 டிபி ஹார்ட் டிஸ்க்.

கூட்டிப் பார்த்தால் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. எதைக் குறைக்கலாம்?

பழைய_பென்டியம்

தம்பி, ஒரே ஒரு கேள்வி. சித்தப்பா வீட்டில் பார்த்தபோது தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா?

லவ்டேல்_லோக்கல்

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி. கோவையில் ஏப்ரல் மாதம் ஃபேன் இல்லாமல் யார் உட்காருவார்கள்? ஃபேனும் ஓடியது, ஏசியும் ஓடியது.

பழைய_பென்டியம்

சரிம்மா, அங்கேதான் விஷயமே இருக்கிறது. கீழே சமவெளியில் இருப்பவர்கள் சைலன்ட் என்று சொல்கிற எந்தப் பெட்டியையும் இங்கே அப்படியே நம்பி வாங்க முடியாது. அவர்கள் அறையில் சீலிங் ஃபேன், ஏசி, ஜன்னலுக்கு வெளியே ரோடு, இத்தனைக்கு நடுவில் பிசி சத்தம் முழுகிப் போய்விடும். நம் வீடுகளில் பாதிக்கு மேல் உத்தரத்தில் ஃபேன் மாட்டக் கொக்கியே கிடையாது. குன்னூரில் என் அறையில் ராத்திரி சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்கும். அங்கே பெட்டி போடுகிற சின்ன முனகல் கூடத் தனியாகத் தெரியும். வீடியோவில் ரிவ்யூ செய்பவரின் காது வேறு, உன் பாட்டியின் காது வேறு.

லிஸ்டில் முதலில் கை வைக்க வேண்டியது அந்த ஐ7 மேல். 14700கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கிற ப்ராசஸர். இழுக்கிற வாட் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும், அந்தச் சூட்டை வெளியே தள்ள ஃபேன் சுற்றியாக வேண்டும். சூட்டையே உண்டாக்காவிட்டால் ஃபேனுக்கு வேலையே இல்லை. அதோடு 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் நிலையில்லாமல் போகிற பிரச்சினை வந்து, 2024இல் இன்டெல்லே வாரன்டியை 2 வருடம் நீட்டித்தது. பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டில் அதைச் சரிசெய்துவிட்டார்கள், ஆனாலும் முதல் முறை அசெம்பிள் செய்கிறவர் அந்தப் பக்கம் எதற்குப் போக வேண்டும்?

1080பி கேமுக்கு ரைசன் 5 7600 போதும், மிஞ்சும். 65 வாட் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், நிஜத்தில் 88 வாட்டோடு நின்றுவிடும். ஏஎம்5 சாக்கெட் (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) என்பதால் சில வருடம் கழித்து போர்டை மாற்றாமல் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், 2027 வரையாவது இந்த சாக்கெட்டுக்குப் புதியது கொடுப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

கொடை_ஏரிக்கரை

லிக்விட் கூலரையும் தூக்கிவிடுங்கள். அதில் ஒரு பம்ப் இருக்கிறது, நீங்கள் சும்மா பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாலும் அது ஓடும். ஃபேனை நிறுத்தி வைக்கலாம், பம்ப்பை நிறுத்த முடியாது. கீழே உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை, நமக்கு அது ராத்திரி முழுக்கக் கேட்கும் ஒரு மெல்லிய ரீங்காரம்.

கூலர் எதுவானாலும் அறை வெப்பத்துக்குக் கீழே எதையும் இறக்காது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதுதான் கணக்கு. சென்னையில் அறை 32 டிகிரி, கொடைக்கானலில் என் அறை ராத்திரியில் 15. அந்த 17 டிகிரி நமக்குச் சும்மா கிடைக்கிறது. அதை வைத்து ப்ராசஸரை இன்னும் குளுமையாக்கிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, ஃபேன் வேகத்தைக் குறைக்கப் பயன்படுத்த வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் ஃபேன் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். நிமிடத்துக்கு 1400 சுற்று சுற்றுகிற ஃபேனை 700க்கு இறக்கிப் பாருங்கள், பெட்டியே வேறு மாதிரி இருக்கும்.

டெல்டா_டீ

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். மலையில் காற்று மெல்லியது. மெல்லிய காற்று சூட்டை அவ்வளவு இழுக்காது. அதனால் ஃபேன் வேகமாகத்தான் சுற்ற வேண்டியிருக்கும், லிக்விட் கூலர் இருந்தால் அந்தப் பிரச்சினை வராது.

கொடை_ஏரிக்கரை

லிக்விட் கூலரில் தண்ணீர் சூட்டைக் கொண்டுபோய் எங்கே விடுகிறது? ரேடியேட்டரில். ரேடியேட்டரைக் குளிர வைப்பது அதே மலைக் காற்றுதான்.

மெல்லிய காற்று என்பது உண்மை, அதையும் கணக்குப் பார்த்துவிடலாம். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,130 பக்கம். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினால் அதே கன அளவு காற்றைத் தள்ளும், ஆனால் அதில் எடை 20 சதவீதம் குறைவு. சென்னையில் அறைக்கு மேல் 40 டிகிரி ஏறுகிற ப்ராசஸர் இங்கே மிஞ்சிப் போனால் 50 டிகிரி ஏறும். சென்னையில் 32ம் 40ம் சேர்ந்து 72. இங்கே 15ம் 50ம் சேர்ந்து 65. அப்போதும் நாம்தான் லாபத்தில் இருக்கிறோம். மெல்லிய காற்றில் ஃபேன் இறக்கை எழுப்புகிற சத்தமும் ஒரு துளி குறையும்.

டெல்டா_டீ

15 டிகிரி என்பது ராத்திரிக்கு. கணப்பு போட்டு, கதவைச் சாத்தி, ஆள் உட்கார்ந்திருக்கிற அறையில் 22 ஆகிவிடும். 22ம் 50ம் 72. சென்னைக்குச் சமமாக வந்துவிட்டதே? நான் லிக்விட் வாங்கச் சொல்லிச் சண்டை போடவில்லை, மலை என்றால் சின்ன கூலர் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று சொல்கிறேன். ப்ராசஸரோடு இனாமாக வருகிற குட்டி கூலரை வைத்து ஓட்டினால் சத்தம் வரும்.

பழைய_பென்டியம்

அதை ஒத்துக்கொள்ளலாம். இனாம் கூலரின் ஃபேன் சின்னது, கொஞ்சம் சூடு ஏறினாலும் வேகமெடுத்துவிடும். டீப்கூல் ஏகே400 மாதிரி ஒற்றைக் கோபுர கூலர் 88 வாட்டுக்குத் தாராளம். இன்னும் கொஞ்சம் போட முடிந்தால் தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. இரண்டும் 155 மிமீ உயரம், கேபினெட் 160 மிமீயாவது இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கு.

ஆர்ஜிபி ஃபேன் 6 எதற்கு? ஒரே சத்தம் போடுகிற இரண்டு ஃபேன் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். முன்னால் 140 மிமீ இரண்டு, பின்னால் ஒன்று, அவ்வளவுதான். பெரிய ஃபேன், குறைந்த வேகம்.

ஹார்ட் டிஸ்க்கை மறந்துவிடு. உயரத்துக்காகச் சொல்லவில்லை, பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளுக்கு 3,000 மீட்டர் வரை எழுதியே கொடுத்திருக்கிறார்கள், தொட்டபெட்டா உச்சியில் (2,637 மீட்டர்) வைத்தாலும் ஓடும். பிரச்சினை உன் பலகைத் தரை. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120, அந்த அதிர்வு கேபினெட் கால் வழியாகப் பலகையில் இறங்கி ம்ம்ம் என்று பாட்டி கட்டில் வரைக்கும் போகும். 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று போதும், பழைய வீடியோக்களை யுஎஸ்பி டிஸ்க்கில் போட்டு வேண்டும்போது மட்டும் சொருகிக்கொள்.

லவ்டேல்_லோக்கல்

நன்றி அண்ணா. அப்போது புது லிஸ்ட்: ரைசன் 5 7600, பி650 போர்டு, பீர்லெஸ் அசாசின், எஸ்எஸ்டி மட்டும். கார்டு எது எடுப்பது? 4060, 5060, 9060 எக்ஸ்டி மூன்றையும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ப்ராசஸரில் 7600க்குப் பதில் 7500எஃப் எடுத்தால் கொஞ்சம் மிச்சமாகும் என்றும் ஒருவர் சொன்னார்.

காந்திபுரம்_கவுன்டர்

நான் கோவையில் கடை கவுன்டரில் இருப்பவன். ஐ7 விற்றால்தான் எங்களுக்கு லாபம், இருந்தாலும் மேலே சொன்னது எல்லாம் சரி.

முதலில் 7500எஃப். அது கிட்டத்தட்ட 7600தான், உள்ளே இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ் மட்டும் கிடையாது. கோவைக்காரர் கேட்டால் 7500எஃப் எடுங்கள் என்பேன். மலையில் இருப்பவருக்குச் சொல்ல மாட்டேன். கார்டு எப்போதாவது வாரன்டிக்குப் போனால் அது கோவை வந்து, அங்கிருந்து சர்வீஸ் சென்டர் போய்த் திரும்பி மேலே வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை 7600 இருந்தால் மானிட்டரை போர்டில் சொருகி மற்ற வேலையாவது பார்க்கலாம்.

கார்டு. வாட் கணக்கு இப்படி: 4060 என்பது 115, 5060 என்பது 145, 9060 எக்ஸ்டி 8 ஜிபி மெமரி என்றால் 150, 16 ஜிபி என்றால் 160. சத்தம் மட்டும்தான் முக்கியம் என்றால் 4060, ஆனால் அது பழைய தலைமுறை, ஸ்டாக்கில் எங்காவது கிடந்தால்தான் உண்டு. கதை உள்ள பெரிய கேம்கள் ஆடுவேன் என்கிறீர்கள், புதிதாக வருகிற கேம்களுக்கு 8 ஜிபி இப்போதே இழுபறிதான். முடிந்தால் 9060 எக்ஸ்டி 16 ஜிபி.

அதைவிட முக்கியம், எந்த கம்பெனி சிப் என்று பார்ப்பதற்கு முன் கார்டின் மேல் என்ன ஹீட்சிங்க் (சூட்டை வாங்கும் உலோகத் தகடுகள்) போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே சிப்பை வைத்து ஒரு ஃபேன், இரண்டு ஃபேன், மூன்று ஃபேன் என்று மூன்று விதமாக விற்பார்கள். 160 வாட்டுக்கு மூன்று ஃபேன் போட்ட நீளக் கார்டு கொஞ்சம் அதிகப்படிதான், அந்த அதிகப்படிதான் உங்களுக்கு வேண்டியது. பெரிய ஹீட்சிங்க் இருந்தால் ஃபேன் 1,000க்குக் கீழேயே சுற்றிக் காலத்தை ஓட்டிவிடும். சூடு ஏறும் வரை ஃபேன் சுற்றாமல் நிற்கிற வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மெயில் பார்க்கும்போது, வீடியோ பார்க்கும்போது கார்டு வாயே திறக்காது.

ரேம் 16 ஜிபி, 8ம் 8மாக இரண்டு குச்சி. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, இப்போது 32க்கு ஆசைப்பட வேண்டாம்.

பழைய_பென்டியம்

எனக்கு 8 ஜிபி கார்டே போதும் என்றுதான் படுகிறது. தினம் ஆடுவது வாலரண்ட். லீவு நாள் கேமுக்காக அத்தனை ஆயிரம் அதிகம் போடுவதைவிட நல்ல கேபினெட்டில் போடலாம்.

காந்திபுரம்_கவுன்டர்

கேபினெட்டை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் சார். கார்டில் மெமரியைக் கூட்ட முடியாது.

இன்னொன்று, வாலரண்ட் ஆடுபவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது. லேசான கேமில் கார்டு நொடிக்கு 400, 500 ஃபிரேம் என்று துப்பும், அப்போது கார்டில் இருக்கிற காயில்கள் கிறீச் என்று ஒரு சத்தம் போடும். காயில் வைன் என்பார்கள். அது ஃபேன் சத்தம் இல்லை, எந்த கூலரும் அதைத் தீர்க்காது. கடைக்கு அந்தப் புகாரோடு வருகிறவர்களில் பல பேருக்கு ஃபிரேம் வரம்பைப் போட்டுக் கொடுத்தாலே போதுமாக இருக்கும். உங்கள் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், 141இல் நிறுத்திவிடுங்கள். வாட்டும் இறங்கும்.

கோத்தகிரி_ஈரம்

சத்தம் பற்றியே பேசுகிறீர்கள், ஈரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, ஐப்பசி கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். லவ்டேலுக்கு ஜூன், ஜூலை மழையும் சேர்ந்து கிடைக்கும். பெட்டியைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் கார்டு மாட்டுகிற அந்தத் தகடுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும், ஸ்க்ரூ தலையில் துரு.

ஓடுகிற பிசிக்கு ஈரத்தால் ஒன்றும் ஆகாது. உள்ளே எல்லாமே அறையைவிடச் சூடாக இருக்கிறது, சூடான பொருள் மேல் பனி படியாது. ஆபத்து எல்லாம் ஓடாத பிசிக்குத்தான். துணி பூஞ்சை பிடிக்காமல் இருக்க பீரோவுக்குள் குண்டு பல்பு எரிய விடுவோமே, அதே வேலையைத் தினமும் ஓடுகிற பிசி தனக்குத்தானே செய்துகொள்ளும். பரீட்சை, லீவு என்று வாரக்கணக்கில் மூடிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், வீட்டில் யாரையாவது இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஆன் பண்ணச் சொல்லுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது வீண், ஓட்டைப் பெட்டியில் அது சீக்கிரமே ஈரத்தைக் குடித்து முடித்துவிடும்.

விறகு அடுப்பும் கணப்பும் உள்ள வீடென்றால் கரிப் புகை வேறு. முன்பக்க ஃபில்டர் கழற்றிக் கழுவுகிற மாதிரி இருக்கட்டும். உள்ளே தள்ளுகிற ஃபேன் இரண்டு, வெளியே தள்ளுவது ஒன்று என்று மேலே சொன்னது இதற்கும் நல்லது, காற்று ஃபில்டர் வழியாக மட்டும்தான் நுழையும்.

லவ்டேல்_லோக்கல்

கேபினெட்டில் இரண்டு வகை சொல்கிறார்கள். உள்ளே சத்தம் உறிஞ்சுகிற ஷீட் ஒட்டி முன்பக்கம் மூடியது ஒன்று, முன்பக்கம் முழுக்க வலை ஒன்று. சைலன்ட் என்று எழுதி விற்பது மூடிய வகையைத்தான்.

கொடை_ஏரிக்கரை

கீழே என்றால் கண்ணை மூடிக்கொண்டு வலை என்று சொல்வேன். மூடிய பெட்டியில் சூடு தங்கும், தங்கினால் ஃபேன் வேகமெடுக்கும், ஷீட் உறிஞ்சியது போக மிச்சம் பழைய சத்தமே வரும். ஆனால் நம் குளிரில், 250, 300 வாட்டுக்குள் நிற்கிற பெட்டிக்கு, மூடிய கேபினெட் உண்மையிலேயே வேலை செய்கிறது. என்னுடையது அதுதான். காயில் வைன் மாதிரி கிறீச் சத்தத்தை அந்த ஷீட் நன்றாக மட்டுப்படுத்தும், கீழ்ஸ்தாயி ம்ம்ம் சத்தத்தை அவ்வளவாக இல்லை.

டெல்டா_டீ

வலைதான் என் ஓட்டு. விலை குறைவு, கழுவ சுலபம், மிச்சப் பணத்தில் நல்ல 140 மிமீ ஃபேன் வாங்கலாம். ஆர்க்டிக் பி14 மூன்று போட்டு 600இல் ஓட விடுங்கள், பெட்டியில் காது வைத்தால்தான் தெரியும்.

மின்வாரியம்_இல்லை

யுபிஎஸ் ஏற்கெனவே இருக்கிறது என்று முதல் பதிவில் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எத்தனை விஏ? ஜூலையில் ஒரு யூகலிப்டஸ் கிளை கம்பி மேல் விழுந்தால் போதும், கரண்ட் போய்ப் போய் வரும். 600 விஏ என்று எழுதியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வாட்டாகக் கிடைக்கும், 360 பக்கம். உங்கள் பிசி கேமில் 300ஐ ஒட்டி இழுக்கும், மானிட்டரையும் சேர்த்தால் விளிம்புக்கு வந்துவிடும். 1,000 விஏ இருந்தால் நிம்மதி. நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) உண்டு, மலிவு யுபிஎஸ் தருகிற கரண்ட் முழு சைன் அலையாக இருக்காது, சில ஜோடிகள் ஒத்துப் போகாமல் கரண்ட் போன நொடியில் பிசியும் அணைந்துவிடும். வாங்கின அன்றே கேம் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள்.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எவ்வளவு அமைதியான பிசி கட்டினாலும் ராத்திரி 11 மணிக்குக் கரண்ட் போனால் யுபிஎஸ் கீ கீ என்று கத்தும். பல மாடல்களில் பட்டனை அழுத்திப் பிடித்தால் அடங்கும், சிலதில் அந்த வசதியே கிடையாது. இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிஎஸ் 850 வேண்டாம், 650 வாட் கோல்டு (கரண்டை அதிகம் வீணாக்காத தரம்) போதும். பாதி லோடுக்குக் கீழே இருப்பதால் ஃபேன் பெரும்பாலும் நின்றே இருக்கும், லோடு குறைவாக இருக்கும்போது ஃபேன் நிற்கிற மாடலா என்று மட்டும் பாருங்கள், கோர்செயர் ஆர்எம்இ வரிசையில் அந்த வசதி உண்டு. சில அடாப்டர், எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் ஒரு மலைச் சின்னமும் 2000 மீ என்ற எழுத்தும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சீனாவின் பாதுகாப்பு விதிப்படி போடுவது. காற்று மெல்லியதானால் மின்சாரம் தாவிப் பாய்வது சுலபமாகும், அதனால் உள்ளே கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் வேண்டும், இந்தப் பொருளை 2,000 மீட்டர் வரைக்குமான இடைவெளியில் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். குன்னூர் 1,850, அங்கே பிரச்சினையே இல்லை. ஊட்டியில் இப்படிப்பட்ட சார்ஜர்கள் வீட்டுக்கு நாலு ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் 5,000 மீட்டர் போட்டதை எடுங்கள்.

சித்திரை இடிமழையில் மின்சார பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் சேர்த்தே கழற்றுங்கள். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்னல் வராது, ஆனால் அந்த ஃபைபர் பெட்டியின் அடாப்டர் வழியாக வரும். எர்த் கம்பி ஒழுங்காக இறங்கியிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பாறைத் தரையில் பல வீடுகளில் அது பேருக்குத்தான் இருக்கிறது.

லவ்டேல்_லோக்கல்

யுபிஎஸ் 1,000 விஏதான், அப்பா கடைக்கு வாங்கியது. கத்துவதை நிறுத்தும் பட்டன் இருக்கிறது, இப்போதுதான் அழுத்திப் பார்த்தேன்.

அப்பா சொல்கிறார், கோவையிலேயே கடையில் அசெம்பிள் பண்ணி காரில் வைத்துக் கொண்டுவந்துவிடலாமே என்று. எனக்கு நானே செய்ய ஆசை.

காந்திபுரம்_கவுன்டர்

நீங்களே செய்யுங்கள். மூன்று ஃபேன் கார்டு ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும், கோபுர கூலரும் கனம். இரண்டும் போர்டில் தொங்கிக்கொண்டு பர்லியாரில் இருந்து குன்னூர் வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஆடினால் ஸ்லாட் என்னத்துக்கு ஆகும்? கடையில் மாட்டினாலும் கார்டையும் கூலரையும் கழற்றித் தனி டப்பாவில் கொடுப்பதுதான் முறை, மேலே போய் நீங்கள்தான் மறுபடி மாட்ட வேண்டும். பாதி வேலை எப்படியும் உங்கள் தலையில். உதிரியாகவே வாங்கிக்கொண்டு போங்கள். வேண்டுமானால் ப்ராசஸரையும் ரேமையும் போர்டில் போட்டு, திரையில் படம் வருகிறதா என்று கடையிலேயே காட்டச் சொல்லுங்கள், அது 10 நிமிட வேலை. ஒவ்வொரு டப்பாவின் சீரியல் நம்பரும் பில்லில் ஏற வேண்டும்.

சித்தப்பா பையன் கோவை வண்டியில் கொண்டுவந்து விடுவதாக இருந்தால் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர வாங்கும் இ-பாஸ் போட்டுவிடச் சொல்லுங்கள். உங்கள் வண்டி டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) என்றால் கவலை இல்லை.

கொடை_ஏரிக்கரை

டப்பாக்களை வீட்டுக்குள் கொண்டுவந்த உடனே பிரிக்காதீர்கள். குளிர்ந்த இரும்பு, கணப்பு போட்ட ஈர அறை, உடனே வியர்க்கும். மூடியபடியே சில மணி நேரம் அறையில் கிடக்கட்டும்.

அப்புறம் ஸ்வெட்டர். சிரிக்காதீர்கள். மார்கழி, தை மாதத்தில் மழை ஓய்ந்து பனி அடிக்கிற நாட்களில் பகல் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும், இருட்டில் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றினால் பட்பட் என்று பொறி தெரியும். அந்தக் கையோடு ரேமைத் தொட்டால் செத்துப்போக வாய்ப்பு இருக்கிறது. பருத்திச் சட்டையோடு, செருப்பில்லாமல், கம்பளி ஜமுக்காளம் விரிக்காத இடத்தில், மேசை மேல் வைத்துச் செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை கேபினெட்டில் மாட்டி, சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கை மட்டும் சொருகி வைத்துக்கொண்டு அடிக்கடி கேபினெட் தகட்டைத் தொட்டுக்கொள்ளுங்கள். எர்த் சரியாக இருந்தால்தான் அதற்குப் பலன், மேலே மின்வாரியம்_இல்லை சொன்னதைப் பார்க்கவும்.

லவ்டேல்_லோக்கல்

கட்டி முடித்துவிட்டேன்! கடைசி லிஸ்ட்: ரைசன் 5 7600, பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, பி650 போர்டு, 16 ஜிபி டிடிஆர்5, மூன்று ஃபேன் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 1 டிபி எஸ்எஸ்டி, 650 வாட் கோல்டு, வலை கேபினெட், 140 மிமீ ஃபேன் மூன்று. பட்ஜெட் கொஞ்சம் தாண்டியது, அப்பாவிடம் கடன். முன்பக்க சுவிட்ச் வயர்கள்தான் இருப்பதிலேயே எரிச்சலான வேலை, அந்தக் குட்டி பின்களில் டார்ச் அடித்து அடித்துச் சொருகினேன்.

சும்மா இருக்கும்போது உண்மையிலேயே எதுவும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு தொல்லை. பிரௌசரில் ஒரு பேஜைத் திறந்தால் கூட ஃபேன் உஸ் என்று ஏறி உடனே இறங்குகிறது. இரண்டாவது, பெட்டியைத் தரையில் வைத்தால் பலகை லேசாக அதிர்கிறது, வெறும் காலில் தெரிகிறது.

பழைய_பென்டியம்

முதலாவது எல்லோருக்கும் வருவது. இந்த ப்ராசஸர் ஒரு சின்ன வேலைக்கே கண நேரத்தில் 15, 20 டிகிரி குதித்து இறங்கும், ஃபேன் அதை நம்பி ஓடுகிறது. பயாஸில் ஃபேன் பக்கத்தில் ஸ்டெப் அப் டைம் அல்லது டிலே என்று ஒன்று இருக்கும், ஒவ்வொரு போர்டிலும் ஒவ்வொரு பேர். அதை இருப்பதிலேயே அதிகமாக வை. அப்புறம் 60 டிகிரி வரை ஃபேன் வேகத்தைக் காட்டும் கோட்டைப் படுக்க வைத்துவிடு, ஃபேன் எந்த வேகத்தில் உன் காதுக்குக் கேட்கவில்லையோ அந்த வேகத்தில். 60க்கு மேல் மெல்ல ஏறட்டும், 80க்கு மேல் வேகமாக. ஏறி இறங்குகிற சத்தம்தான் தூங்குகிறவரை எழுப்பும், ஒரே சீராக இருப்பது எழுப்பாது. கேபினெட் ஃபேன்களை ப்ராசஸர் சூட்டோடு கட்டாதே, போர்டு சென்சாரோடு கட்டு, அது நிதானமானது.

இரண்டாவதற்குத் தடித்த ரப்பர் மேட் ஒன்றை மடித்துக் காலுக்கு அடியில் போடு. எந்த ஃபேன் என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொன்றாக நடுவில் விரலால் மெதுவாக அழுத்தி நிறுத்திப் பார், எதை நிறுத்தும்போது அதிர்வு அடங்குகிறதோ அதன் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு ரப்பர் ஆணி மாட்டு.

லவ்டேல்_லோக்கல்

பின்பக்க ஃபேன்தான். ரப்பர் மேட் மட்டும் போட்டதிலேயே பெரும்பகுதி போய்விட்டது, ஆணி ஆர்டர் போட்டிருக்கிறேன். டிலேயை அதிகமாக வைத்ததும் உஸ் உஸ் நின்றது. ஃபிரேம் வரம்பு 141 போட்ட பிறகு வாலரண்டில் கார்டு ஃபேன் பாதி நேரம் சுற்றுவதே இல்லை. இப்போது பாட்டிக்குப் பிரச்சினை என் கீபோர்டு. அது மெக்கானிக்கல்.

பார்டர்_கூடலூர்

நல்ல இழை. நான் கூடலூர். இதே லிஸ்டை அப்படியே எடுக்கலாமா?

டெல்டா_டீ

கூடலூர் 1,000 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். காற்று அவ்வளவு மெல்லியது இல்லை, பங்குனி சித்திரையில் அறை 30ஐத் தொடும், உங்கள் வீட்டில் சீலிங் ஃபேன் இருக்கும், இருந்தால் சத்தம் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டாம். லிஸ்ட் அப்படியே சரி, ஆனால் மூடிய கேபினெட் பக்கம் மட்டும் போகாதீர்கள், வலைதான். தென்மேற்கு மழையில் உங்கள் பக்கம் கோத்தகிரியைவிட மோசமாக நனையும், கோத்தகிரி_ஈரம் எழுதியதை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். கீபோர்டுக்கு யாராவது தனி இழை தொடங்குங்கள், அதில் எனக்கும் சந்தேகம் நிறைய இருக்கிறது.